வாசகர் கேள்வி: பனியாற்றின் தடிமனை அளப்பது எப்படி?

கேள்வி: வெப்ப மண்டலத்திலும் பனியாறுகள் உண்டு என்றும், அவை வேகமாகச் சுருங்கி வருகின்றன என்றும் படித்தேன். செயற்கைக்கோள் படங்களே போதாதா? விஞ்ஞானிகள் மலையேறிப் போய் என்னதான் செய்கிறார்கள்?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: பனி எவ்வளவு பரப்பை இழந்தது என்பதைச் செயற்கைக்கோள் படம் தெளிவாகவே காட்டிவிடும். ஆனால் ஒரு சிறிய பனியாற்றின் தடிமன் சில மாதங்களில் எவ்வளவு குறைந்தது என்பதையும், அந்தப் பனிக்குள் என்ன பதிந்திருக்கிறது என்பதையும் அறிய மேலே ஏறத்தான் வேண்டும்.

தடிமனை அளக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பனியில் துளையிட்டுக் கம்பம் ஒன்றை நட்டு வைப்பார்கள். அடுத்த முறை வரும்போது அது எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறதோ, அவ்வளவு பனி போய்விட்டது என்று கணக்கு. இந்தோனேசியாவின் பாப்புவாவில், புன்சாக் ஜயா சிகரத்துக்கு அருகே, அடிப்பாறையில் ஊன்றிய 30 மீட்டர் அளவுகோல் இப்படித்தான் உதவியது. 2015-16 எல் நினோவின் (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) துணையோடு பனி மெலியும் வேகம் ஐந்து மடங்குக்கு மேல் கூடியதை அது காட்டிக்கொடுத்தது.

பனிக்குள் பதிந்திருப்பதைப் படிப்பதற்குப் பெரு நாட்டின் மலைமேல் உள்ள கெல்காயா பனிமூடியே நல்ல சான்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லானி தாம்ப்சன், 1983-ல் சுமார் 5,670 மீட்டர் உயரத்தில், கனமான ஜெனரேட்டரைக் கொண்டுபோக வழியில்லாததால் சூரிய மின்சாரத்தில் இயங்கும் துளைக்கருவியைக் கொண்டு, அடிப்பாறை வரை துளைத்து, நீண்ட உருளை வடிவப் பனித்தண்டுகளை எடுத்தார். மழையற்ற மாதங்களில் படியும் தூசு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடாக நிற்பதால், மரத்தின் வளையங்களைப் போல அவற்றை எண்ணி ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பின்னோக்கிப் போக முடிந்தது. உறைந்த நிலையிலேயே கீழே கொண்டுவர வசதியில்லாததால், அந்தப் பனியை அங்கேயே உருக்கிப் புட்டிகளில் அடைத்தார்கள் என்பது தனிக் கதை.

1991-ல் திரும்பிச் சென்றபோது, உருகிய நீர் கீழே கசிந்து, மேலடுக்குகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள்) காட்டும் ஆண்டு வேறுபாட்டை மங்கச் செய்திருந்தது. பனி சுருங்குவதற்கு முன்பே அதன் நினைவு அழியத் தொடங்கிவிடுகிறது என்பதால்தான் பனித்தண்டுகளை எடுப்பதில் இந்த அவசரம்.

பின்வாங்கும் விளிம்பும் பேசும். 2002-ல் கெல்காயாவின் ஓரத்தில், வேரூன்றிய நிலையிலேயே வெளிப்பட்ட மென்மையான செடிகளைக் கார்பன் முறையில் கணித்தபோது, அவற்றுக்கு வயது சுமார் 5,200 ஆண்டுகள் என்று தெரிந்தது. திறந்த வெளியில் கிடந்திருந்தால் அவை எப்போதோ மக்கியிருக்கும். ஆகவே இடைப்பட்ட அத்தனை காலமும் அந்த இடத்தைப் பனி மூடியே இருந்திருக்கிறது என்று கொள்கிறார்கள்.