ஊரை ஆளும் ஆவிக்குப் பெயர் தெரிந்தால்தான் ஜெபம் கேட்கப்படுமா?

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில், ஒரு நகரத்திற்காக ஜெபிக்குமுன் அந்த நகரத்தை ஆளும் வானமண்டல ஆவியின் பெயரைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லிக் கட்டவேண்டும், அதாவது கட்டளையிட்டு அதை முடக்கவேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் சுவிசேஷம் அங்கே பலன் தராதாம். தானியேல் 10-ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இது சரியா? சிலுவையில் கர்த்தர் சாத்தானை ஜெயித்துவிட்டார் என்றால் நமக்கு ஏன் இன்னும் போராட்டம்? — ஒரு வாசகி

பதில்: சரியல்ல, சகோதரி. எந்தத் தீர்க்கதரிசியும், எந்த அப்போஸ்தலரும் ஓர் ஊரின் ஆவியைப் பெயர் சொல்லிக் கட்டியதாக வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை. 1980-களின் இறுதியிலிருந்து வேகமாகப் பரவிய முறை இது. அதைச் செய்கிறவர்களின் வாஞ்சையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் காட்டும் அதிகாரமே அவர்களுக்கு எதிராக நிற்கிறது என்பதுதான் என் மறுப்பு.

தானியேல் 10-ஐ முழுவதும் வாசியுங்கள். பெர்சிய ராஜாவாகிய கோரேஸின் மூன்றாம் வருஷம். எருசலேமில் ஆலய வேலையை எதிரிகள் தடுத்துக்கொண்டிருந்த காலம் (எஸ்றா 4:4, 5). தானியேல் மூன்று வாரம் துக்கித்து, இறைச்சியும் திராட்சரசமும் விலக்கி, தேவனை நோக்கி மன்றாடுகிறார். பெர்சியாவின் அதிபதியாகிய ஆவி 21 நாள் எதிர்த்து நின்றான் என்பது, தூதன் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அதாவது அந்த மூன்று வாரமும் அவர் எந்த அதிபதியோடும் பேசவில்லை, எவனையும் கட்டவுமில்லை. போரிட்டவர்கள் தூதனும் பிரதான தூதனாகிய மிகாவேலும். அவருடைய ஜெபமோ முதல் நாளிலேயே கேட்கப்பட்டாயிற்று (10:12). கிரேக்கு தேசத்தின் அதிபதியும் வருவான் என்று தூதன் சொல்கிறான். அதற்குப் பிறகும் தானியேல் அவனுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காணப்படாத உலகில் அதிபதிகள் உண்டு என்பதற்கு இந்த அதிகாரம் சாட்சி. அவர்களோடு நாம் பேசவேண்டும் என்பதற்கு இதில் ஆதாரமில்லை.

மோசேயின் சரீரத்தைக்குறித்துத் தர்க்கித்தபோது மிகாவேலே பிசாசைத் தூஷித்துக் குற்றப்படுத்தத் துணியவில்லை. “கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக” என்றதோடு நின்றான் (யூதா 9). பிரதான தூதன் துணியாததை ஒலிபெருக்கியில் செய்கிறவர்கள் இந்த வசனத்தின்முன் கொஞ்சம் நிற்கவேண்டும். மத்தேயு 18:18-ல் உள்ள கட்டுதலும் இதற்கு உதவாது. அங்கே பேச்சு, பாவம் செய்த சகோதரனைச் சபை விசாரிப்பதைப்பற்றியது. மத்தேயு 12:29-ல் பலவானைக் கட்டுகிறவர் இயேசு.

உங்கள் இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. சாத்தானுக்கு மனுஷன்மேல் பிடி எங்கிருந்து வந்தது? அவன் நம்மைவிடப் பலசாலி என்பதாலா? அவன் குற்றஞ்சாட்டுகிறவன், நம் பாவம் அவனுடைய வழக்கு. சகரியா 3-ல் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். சாத்தான் சொல்லும் அழுக்கு பொய்யல்ல, உண்மை. தேவன் சாத்தானைக் கடிந்துகொள்கிறார், அழுக்கு வஸ்திரத்தைக் களைந்துபோடச் சொல்கிறார். கொலோசெயர் 2:14, 15 இதே வரிசையில்தான் வருகிறது. முதலில் நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்து சிலுவையில் ஆணியடிக்கப்படுகிறது; அதன்பின்தான் துரைத்தனங்களும் அதிகாரங்களும் உரியப்படுகின்றன. கடன் பத்திரம் கிழிந்துபோனால் வழக்குப் போட்டவனின் கையில் என்ன இருக்கும்? இரத்தம் சிந்துதல், மன்னிப்பு, பிசாசின் தோல்வி மூன்றும் ஒரே கிரியை. மீட்பை ஒரு பக்கமும் ஆவிக்குரிய யுத்தத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் போதிக்கும் இடத்தில்தான் இந்தக் கோளாறெல்லாம் தொடங்குகிறது.

அப்படியானால் போராட்டம் ஏன்? தோற்றவன் இன்னும் அக்கினிக்கடலில் தள்ளப்படவில்லை. தனக்குக் கொஞ்சக்காலம் மாத்திரம் உண்டென்று அறிந்து மிகுந்த கோபத்தோடு இறங்கியிருக்கிறான் (வெளி. 12:12). ஆகவே வஞ்சிக்கிறான், பயமுறுத்துகிறான், பிரிக்கிறான். எபேசியர் 6-ல் பவுல் சொல்லும் கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம் ஆறையும் பாருங்கள். சத்தியம், நீதி, சுவிசேஷம், விசுவாசம், இரட்சிப்பு, வசனம். ஆவியின் பெயரை அறிவது இதில் எங்கே? கட்டளை, “நில்லுங்கள்” என்பது. இதே நிருபத்தில் பிசாசுக்கு இடங்கொடுப்பது எதுவென்றும் எழுதியிருக்கிறது: சூரியன் அஸ்தமித்த பிறகும் தணியாத எரிச்சல் (4:26, 27). கொரிந்துவிலும் அப்படியே, மனந்திரும்பினவனை மன்னிக்காவிட்டால் சாத்தானாலே மோசம்போவோம் என்கிறார் (2 கொரி. 2:10, 11). ஒருவரோடொருவர் பேசாத இரண்டு மூப்பர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நகரத்து ஆவியை விரட்டப் புறப்படுவது எவ்வளவு பெரிய ஏமாற்று!

பவுல் எபேசு பட்டணத்தில் ஊழியம் செய்த விதத்தை உங்கள் குழுவுக்குக் காட்டுங்கள். தியானாள் தேவியை வணங்கிய பட்டணம் அது. மாயவித்தை நிறைந்த இடம். பவுல் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் அனுதினமும் சம்பாஷித்தார். விசுவாசித்தவர்கள் தாங்களே வந்து, 50,000 வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புஸ்தகங்களைச் சுட்டெரித்தார்கள். பின்பு தியானாளின் பெயரால் பட்டணத்தில் கலகம் எழும்பியபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களல்ல என்று பட்டணத்துச் சம்பிரதியே சாட்சி சொன்னான் (அப். 19:37). பிறர் வணங்கும் பெயர்களைச் சொல்லி ஜெபத்தில் சபிக்கும் குழுவைப்பற்றி அயலகத்தார் அப்படிச் சாட்சி சொல்லமாட்டார்கள். சுவிசேஷம் கேட்கவேண்டியவர்களையே அது பகைவராக்கிவிடும்.

ஒரு வித்தியாசத்தை மறக்கவேண்டாம். அசுத்த ஆவியால் அலைக்கழிக்கப்படும் ஒரு மனுஷரிடத்திலிருந்து இயேசுவின் நாமத்தில் அதை வெளியே போகக் கட்டளையிடுவது வேதத்தில் உண்டு (அப். 16:18). அது ஒரே வாக்கியம். மணிக்கணக்கான கூச்சலோ, ஆவியிடம் பேட்டியோ அல்ல. வியாதியஸ்தரையும் பிசாசு பிடித்தவர்களையும் மத்தேயு 4:24 தனித்தனியாகவே சொல்கிறது. ஆகையால் வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவரிடம் மருந்தை நிறுத்தச் சொல்ல எந்த ஜெபக்குழுவுக்கும் அதிகாரமில்லை. அப்படிச் சொன்னால் உடனே எதிர்த்துப் பேசுங்கள்.

நகரத்திற்காக எப்படி ஜெபிப்பது? அதிகாரத்திலுள்ளவர்களுக்காக (1 தீமோ. 2:1, 2), திருவசனம் செல்லும் வாசல் திறக்கும்படி (கொலோ. 4:3), பேசுகிறவர்களுக்குத் தைரியம் உண்டாகும்படி. சங்கிலியிலிருந்த பவுல் விடுதலைக்காக அல்ல, இந்தத் தைரியத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னார் (எபே. 6:19, 20). அடுத்த கூடுகையில் ஒரு மணி நேரம் இருந்தால், முதல் பாதியை அறிக்கையிடவும் ஒப்புரவாகவும் கொடுங்கள். மீதியில் சுவிசேஷம் கேட்காத ஐந்து பேரைப் பெயர் சொல்லி, தேவனை நோக்கி மன்றாடுங்கள். அந்த ஐவரிடம் யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்த பிறகு கலையுங்கள்.