எம்எஸ்சிக்குப் பணம் கட்டும் முன்

மதுரையில் பிஎஸ்சி நர்சிங் முடித்து ஐசியூவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என்னிடம் கேட்டிருக்கிறாள்: "அக்கா, இங்கிலாந்தில் எம்எஸ்சி நர்சிங்குக்கு ஏஜென்ட் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். எந்த யுனிவர்சிட்டி நல்லது? வாடகை, குளிர் எல்லாம் எப்படி?"

வாடகை ஊருக்கு ஊர் மாறும். குளிருக்குப் போடும் கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள், மதுரையில் வாங்கும் ஜெர்கின் அக்டோபரையே தாங்காது. யுனிவர்சிட்டி கதையை அப்புறம் பார்ப்போம். முதலில் ஏஜென்டிடம் ஒன்று கேள்: இந்தப் படிப்பை முடித்தால் என்எம்சி, அதாவது இங்கத்திய நர்சிங் கவுன்சிலின் பதிவு கிடைக்குமா? அவர் சுற்றி வளைப்பார். நான் நேராகவே சொல்கிறேன், கிடைக்காது.

என்எம்சி பட்டியலில் பெயர் ஏறாமல் இங்கே யாரும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. பதிவோடு சேர்த்துத் தரும் எம்எஸ்சியும் உண்டுதான், ஆனால் அது வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் புதிதாக நர்ஸாவதற்கு. உன்னிடம் விற்கிறார்களே, அது ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. அதைப் படிக்கும்போது மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்றவற்றுக்குக் கணவன், குழந்தையைக் கூட்டி வரவும் முடியாது. என்னோடு ஒரு வீட்டில் தங்கியிருந்த நாகர்கோவில் பெண் நகையை அடகு வைத்து எம்எஸ்சி படித்தாள். பட்டம் வாங்கியபிறகும் முதியோர் இல்லத்தில் கேரர், அதாவது பராமரிப்பு உதவியாளர் வேலைதான். அதற்கப்புறம்தான் ஆங்கிலப் பரீட்சைக்கே உட்கார்ந்தாள்.

பதிவுக்கு உன் பிஎஸ்சியே போதும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும்; இல்லாவிட்டால் மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை ஓஇடி எழுது. பிறகு சிபிடி கணினித் தேர்வு, அதை இந்தியாவிலேயே முடித்துவிடலாம். கடைசியாக இங்கே வந்து ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு: பத்து ஸ்டேஷன், அதாவது பத்துத் தனித்தனிச் சோதனைகள், கட்டணம் 794 பவுண்டு. வேலைக்கு எடுக்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் அதைக் கட்டிவிடும். வேலை வாங்கித் தர நர்ஸிடம் ஏஜென்ட் பணம் வாங்கக் கூடாது என்று இங்கத்திய அரசின் நெறிமுறையே சொல்கிறது. அதனால்தான் அவர் வேலையைப் பற்றிப் பேசாமல் சீட்டைப் பற்றியே பேசுகிறார், கமிஷன் யுனிவர்சிட்டியிலிருந்து வரும். சரி, முன்பு போல இப்போது கூட்டம் கூட்டமாக ஆள் எடுப்பதில்லை என்பதும் உண்மை. காத்திருக்க நேரலாம். கடன் வாங்கி வந்து இங்கே காத்திருப்பதைவிட ஊரில் சம்பளத்தோடு காத்திருக்கலாமே.

மேற்படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவோடு வந்தால் அதை வேலை தரும் மருத்துவமனையின் காசில் படிக்கலாம். 60 கிரெடிட் முடித்தால் சான்றிதழ், 120 என்றால் டிப்ளமோ, 180 என்றால் எம்எஸ்சி. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்தது வீணாகாது. ஐசியூ நர்ஸ்களில் பாதிப் பேராவது கிரிட்டிகல் கேர் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்று இங்கே தர விதி இருக்கிறது, அதனால் மேனேஜரே உன்னைப் பிடித்துத் தள்ளுவார். மருந்து எழுதித் தரும் உரிமைக்கு வி300 என்று ஒரு படிப்பு, அதில் சேரப் பதிவாகி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அட்வான்ஸ்ட் பிராக்டீஸ் எம்எஸ்சி அதற்கும் மேலே. ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. படிக்கவைத்துவிட்டு, சீக்கிரம் கிளம்பினால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் இடங்கள் உண்டு. நான் முன்பு இருந்த இடத்தில் ஸ்டடி லீவ் கொடுப்பார்கள், ஆள் இல்லை என்று முந்தின நாள் இரவே அதை ரத்தும் செய்வார்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மலையாளிப் பிள்ளைகள் ஒருத்தி ஆஸ்கி முடித்தால் மறுநாளே பத்துப் பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு வேலை கிடைத்த விஷயமே விசா ஸ்டாம்ப் ஆனபிறகுதான் வெளியே வரும், கண் பட்டுவிடுமாம். எனக்கு ஆஸ்கி பழக்கிவிட்டது கோட்டயத்துப் பெண்கள்தான். தலையணையை நோயாளியாகப் படுக்கவைத்து, "அலர்ஜி ஏதும் உண்டா?" என்று அதனிடம் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போகும். ஊரில் நாம் வாயைத் திறக்காமல் கையால் செய்துவிடுவோம். இங்கே செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்.

பாஸ் ஆனபிறகும் கேனுலா, அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் போட விடவில்லை. பயிற்சி முடித்து, தாளில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். பிறந்த குழந்தைக்குக்கூட நரம்பு பிடித்த கை என்னுடையது. என் பக்கத்தில் நின்று ஜூனியர் டாக்டர் ஒரு பாட்டியின் கையைக் குத்திக் குத்தி நீலமாக்கிக்கொண்டிருந்தார், நான் டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து வந்த வாரமே அந்தப் பாட்டிக்கு நான்தான் போட்டேன், ஒரே குத்தில். அதற்குப் பிறகு அந்த டாக்டரே, "சிஸ்டர், ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று தேடி வர ஆரம்பித்தார்.