ஏலகிரிக்குச் சைக்கிளில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் சைக்கிள் கிளப்பில் ஞாயிறன்று ஏலகிரிக்கு 'சோஷியல் ரைடு' போகிறார்கள். போட்டி கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். நான் சமதரையில் 30 கிலோமீட்டர் வரை ஓட்டுவேன், மலை ஏறியதில்லை. பாதி வழியில் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். போகலாமா? (ஆம்பூர் வாசகி)

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் பெயர் கொடுக்கும் முன் கிளப்காரர்களிடம், "கடைசியில் யார் வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஒழுங்கான கிளப் என்றால் உடனே ஒருவரைக் காட்டுவார்கள். அவருக்கு ஸ்வீப் என்று பெயர். நன்றாக ஓட்டத் தெரிந்த ஆளாக இருப்பார், பம்பும் ட்யூபும் வைத்திருப்பார், கடைசி ஆளைத் தாண்டிப் போகவே மாட்டார். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தால் இந்த ஞாயிறு வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கலாம்.

மலையில் கூட்டம் பிரிந்துதான் போகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சமதரையில் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. முன்னால் போகிறவர் அதைக் கிழித்துக்கொண்டு போவதால் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாடு குறைகிறது, அதனால் வேகம் குறைந்தவரும் கூட்டத்தோடு போய்விடலாம். ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை, அவரவர் எடையை அவரவர்தான் மேலே இழுக்க வேண்டும். ஆகவே யார் பின்னாலும் ஓடாமல், பேச்சுக் கொடுத்தால் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிகிற வேகத்தில் ஏறுங்கள். கிளப்பின் லட்சணம் மேலே போன பிறகுதான் தெரியும். முதலில் போனவர்கள் காத்திருக்க வேண்டும், அதுவும் நீங்கள் போய்ச் சேர்ந்தவுடன் "சரி, கிளம்பலாம்" என்று பெடலில் கால் வைக்காமல், நீங்களும் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும். பல இடங்களில் மெதுவாக வருகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை, ஏற்கெனவே ஓய்வெடுத்தவர்களோடு அவர் மறுபடி ஓட வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

ஏலகிரி நல்ல தேர்வு. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். "பாரி வரைக்கும் போய் ஒரு வாய் தண்ணீர்" என்று மனதைத் துண்டு போட்டு ஏறலாம். முடியவில்லையா, இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். கிளப்பில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவர்களும் ஒரு காலத்தில் தள்ளியவர்கள்தான்.

சாப்பிடாமல் போகாதீர்கள். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 77 கிலோ என்று வைத்துக்கொண்டால், 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் உடம்பு சுமார் 450 கலோரி செலவழிக்கும். ஏழெட்டு இட்லி.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம், 44 பல். பின்னால் ஏழு கியர், பெரியதில் 28 பல். மலைக்கு இது ஆகாது, எடை குறைந்த புது சைக்கிள் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கவா? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: ஆகாது என்று அவர் சொன்னது பாதி சரி. இருக்கிறதிலேயே லேசான கியரில்கூட ஒரு சுற்று மிதித்தால் உங்கள் சைக்கிள் 3.3 மீட்டர் போகும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 40 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். முன்னால் 36 பல், பின்னால் 34 பல் என்று மாற்றினால் அதே வேகத்துக்கு 60 சுற்று, முட்டி தப்பித்தது. பின்னால் செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் டீரெய்லர் அந்தப் பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா, செயின் நீளம் சரியாக வருமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்துக்கு வருவோம். நீங்களும் சைக்கிளும் 85 கிலோ என்றால், 2 கிலோ குறைந்த சைக்கிள் ஏறும் உழைப்பில் மிச்சம் பிடிப்பது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக அத்தனை ஆயிரம் கொடுப்பது உங்கள் இஷ்டம், நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஏறும்போதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப் போகின்றன. என்ன செய்வது? (கல்லூரி மாணவி, வேலூர்)

பதில்: முதலில் விரலால் பிடிக்கிற பிரேக் லீவரைப் பாருங்கள். பலவற்றில் அதன் அடிப்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும்; அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பார் பக்கம் நெருங்கி வரும். கை சிறியவர்களுக்கு இதிலேயே பாதி வலி போய்விடும். அடுத்தது, மேலிருந்து கீழ்வரை பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கவும் கூடும். நேர்ச்சாலையில், வளைவு வரும் முன்பே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் போகும்போது விட்டுவிடுங்கள். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும். பார்வை போகப்போகிற பக்கம் இருக்கட்டும். கொண்டை ஊசியில் பஸ் திரும்பினால் ரோடு முழுவதும் அதற்குத்தான், ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை, ஆகவே மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். அப்புறம் ரோட்டில் கவனிக்க வேண்டியவை மணல், பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் குரங்குகள்.

இறக்கத்தைப் பற்றிய பயம் பழையது. 1878-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம், முன்சக்கரம் மட்டும் மிக உயரமாக இருந்த, சரியான பிரேக் இல்லாத சைக்கிள்களின் காலத்திலேயே, செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டு வைத்தது.

கேள்வி: நான் வேகமாக ஏறுகிறவன். மேலே போய் அரை மணி நேரம் சும்மா நிற்பது போரடிக்கிறது. (வாலிபர், கிருஷ்ணகிரி)

பதில்: நிற்காதீர்கள். இறங்கி வந்து கடைசி ஆளோடு சேர்ந்து மறுபடி ஏறுங்கள், பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு. நேரம் பார்த்துத்தான் ஓட்டுவேன் என்றால் 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் என்ற பல நாள் சைக்கிள் பயணம் மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பெயர் கொடுங்கள். ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள், போரடிக்க வாய்ப்பே இல்லை.