செக்கா, காலா? போக்கர் மேசைக்குப் புதியவர்களின் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் காசு வைக்காமல், வெறும் சிப்ஸை (பந்தய வில்லைகளை) வைத்து டெக்சஸ் ஹோல்டெம் ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் சுற்றுச் சுற்றாகத் திறக்கும் போக்கர் வகை இது. புதிதாக வந்தவர்கள் பந்தயச் சொற்களைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும் கீழே. சின்ன பிளைண்ட் 10, பெரிய பிளைண்ட் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஊரில் மூணு சீட்டு ஆடும்போது சீட்டைப் பார்க்காமல் ஆடுவதைத்தான் பிளைண்ட் என்போம். இங்கே பார்த்துவிட்டும் பிளைண்ட் என்கிறீர்களே? (மாரத்தஹள்ளி)

இரண்டும் வேறு. போக்கரில் பிளைண்ட் என்பது சீட்டு போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை. டீலர் பட்டனுக்கு (சீட்டு போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட். பிறகு எல்லோரும் சீட்டைப் பார்க்கலாம். இந்தக் கட்டாயம் இல்லையென்றால் நல்ல சீட்டு வரும்வரை யாரும் ஒரு சிப் கூட வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டன் நகர்வதால் இந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழும்.

செக், கால் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. (பி.டி.எம். லேஅவுட்)

உங்கள் முறை வந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இந்தச் சுற்றில் நான் இன்னும் கட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் செக் சொல்லி, எதுவும் வைக்காமல் முறையைக் கடத்தலாம். இருந்தால் செக் கிடையாது. அந்தத் தொகையைக் கட்டினால் கால், கூட்டினால் ரைஸ், சீட்டைப் போட்டுவிட்டால் ஃபோல்டு. ரம்மியில் ஸ்கூட் அடிப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான் ஃபோல்டு.

முதல் சுற்றில் யாரும் ரைஸ் செய்யாமல் ஆட்டம் பெரிய பிளைண்டிடம் வந்தால், அவர் 20 ஏற்கெனவே கட்டிவிட்டதால் செக் சொல்லலாம், விரும்பினால் ரைஸும் செய்யலாம். சின்ன பிளைண்ட் இன்னும் 10 கட்டித்தான் உள்ளே இருக்க முடியும். புதியவர்கள் சீட்டு மோசமென்று செக் சொல்லக்கூடிய இடத்திலும் ஃபோல்டு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கும் வாய்ப்பு அது.

ரைஸ் என்றால் இரண்டு மடங்காக வைக்க வேண்டுமா? (வைட்ஃபீல்டு)

மடங்கு கணக்கு இல்லை. முன்பு கூட்டியவர் எவ்வளவு கூட்டினாரோ, குறைந்தது அவ்வளவாவது நீங்களும் கூட்ட வேண்டும். ஒருவர் 100 வைத்தார், அடுத்தவர் அதை 250 ஆக்கினார். கூடியது 150. ஆகவே உங்கள் ரைஸ் குறைந்தது 400.

எதிரில் 100 பந்தயம். நான் ரைஸ் செய்ய நினைத்து ஒரே 500 சிப்பைப் போட்டேன். வெறும் கால் என்றுவிட்டார்கள். நியாயமா? (இந்திராநகர்)

நியாயம்தான். வாயைத் திறக்காமல் ஒற்றைப் பெரிய சிப்பைப் போட்டால் அது கால். போடுவதற்கு முன் “ரைஸ்” என்று சொல்லியிருந்தால் ரைஸ். கொஞ்சம் சிப்ஸ் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்து, மறுபடி கை நீட்டிக் கூட்டுவதும் செல்லாது. அதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். முதலில் சொல்லுங்கள், அப்புறம் தள்ளுங்கள். முறை வந்தபின் சொன்ன சொல் கட்டுப்படுத்தும்.

முதல் ஆள் ரைஸ், இரண்டாம் ஆள் ரைஸ். அதை ஏன் திரீ-பெட் என்கிறார்கள்? (சிவாஜிநகர்)

பெரிய பிளைண்டையே முதல் பந்தயமாக எண்ணுவதால்.

சிப்ஸ் குறைவாக உள்ளவர் ஆல்-இன் போனால், அதாவது கையிலுள்ள எல்லாவற்றையும் வைத்துவிட்டால், மற்றவர்கள்? (அல்சூர்)

அவரிடம் 300, மற்ற இருவரும் ஆளுக்கு 800 போட்டார்கள் என்று வையுங்கள். பாட் என்பது நடுவில் சேரும் பந்தயத் தொகை. மூவரிடமிருந்தும் 300 எடுத்து 900 முதன்மைப் பாட். மீதி 500 வீதம் 1000 சைடு பாட். ஆல்-இன் போனவர் எவ்வளவு நல்ல சீட்டு காட்டினாலும் 900-க்குத்தான் உரிமை. சைடு பாட் மற்ற இருவருக்குள்.

இதையே போனில் பணம் கட்டி ஆடிப் பழகலாமா? (மாரத்தஹள்ளி)

வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பழக சிப்ஸே போதும்.

பாட் ஆட்ஸ் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அக்கணக்கை எப்படிப் போடுவது? (பி.டி.எம். லேஅவுட்)

நான் மிகவும் விரும்பும் பகுதி இது. பாட்-இல் 200 இருக்கிறது, எதிராளி 100 வைக்கிறார். நீங்கள் 100 கட்டினால் மொத்தம் 400. அதில் உங்கள் பங்கு கால்வாசி. எனவே ஜெயிக்க 25 சதவீதமாவது வாய்ப்பு வேண்டும்.

கையிலும் மேசையிலுமாக உங்களுக்கு ஒரே இனத்தில் நான்கு சீட்டு, ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து) இன்னும் ஒன்று தேவை, ரிவர் எனும் கடைசிப் பொதுச் சீட்டு மட்டும் பாக்கி என்றால், கையில் 2, மேசையில் 4 போகக் காணாத 46 சீட்டில் 9 உதவும். சுமார் 19.6 சதவீதம். 25-க்குக் குறைவு என்பதால் கால் சொன்னால் நஷ்டம். பாட்-இல் அதே 200 இருக்க, அவர் 50 மட்டும் வைத்திருந்தால் 300-க்கு 50, அதாவது 16.7 சதவீதம் போதும். அப்போது தாராளமாகக் கால் சொல்லுங்கள்.