எமுலேட்டர் சரி, கூட என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: பழைய கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் கேம்களை ஆடுவதற்கு ஒரு எமுலேட்டர் (பழைய கேம் கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) செயலியைத் தனி ஆளாக எழுதி வருகிறேன். மொபைலில் இலவசம், விளம்பரம் வரும். டிவி பதிப்புக்குக் கட்டணம். உள்ளே இருப்பவை இணையத்தில் கிடைக்கும் திறந்த மூல எஞ்சின்கள், அதாவது ஒவ்வொரு கருவியையும் போலச் செய்யும் நிரல்கள். பிளேஸ்டேஷன் பயாஸ் கோப்பையும் (கருவியைத் தொடக்கி வைக்கும் சோனியின் அடிப்படை நிரல்) சேர்த்தே தருகிறேன். ரிமோட்டை வைத்துக்கொண்டு டிவியில் கோப்பு ஏற்றுவது பெரிய பாடு என்பதால், மொபைலில் ஏற்றும் கேம்கள் என் சர்வர் வழியாக டிவிக்குப் போகும். எமுலேட்டர் சட்டப்படி சரி என்கிறார் ஒரு நண்பர். வழக்குப் போட்டு நாசமாக்கிவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம். எமுலேட்டர் எழுதியதற்காக உங்களுக்குப் பிரச்சினை வராது. அதோடு சேர்த்து வைத்திருப்பவைதான் வம்பு.

ஒரு கருவி செய்யும் வேலையை வேறொரு மென்பொருள் செய்வதைப் பதிப்புரிமை தடுப்பதில்லை. எழுதிய நிரலை நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது. 2000-இல் சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் பக்கம்தான் நின்றது. கனெக்டிக்ஸ்காரர்கள் சோனியின் பயாஸை நகலெடுத்து, ஓடவிட்டு, பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் கடைசியில் விற்ற மென்பொருளில் சோனியின் நிரல் எதுவும் இல்லை. படித்தறிய எடுத்த அந்த இடைநிலை நகல்கள் நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பானது.

நீங்கள் செய்திருப்பது இதற்கு நேர் எதிர். பயாஸ் கோப்பையே செயலிக்குள் வைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள். இன்றே எடுத்துவிடுங்கள். பயனர் தன்னிடம் உள்ளதைத் தானே ஏற்றிக்கொள்ளட்டும். அல்லது பயாஸின் வேலையைச் சொந்த நிரலால் செய்யும் வழி உள்ள எஞ்சினுக்கு மாறுங்கள். சில கேம்கள் தடுமாறும், பரவாயில்லை.

2024-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கான யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதை நண்பர் சொல்லியிருப்பார். அங்கே சண்டை ஸ்விட்ச் கேம்களின் மறையாக்கப் பூட்டைத் திறப்பது பற்றியது. கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களில் அப்படி மறையாக்கம் கிடையாது. அதனால் அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். புதிய கன்சோல்களைச் சேர்க்கும் ஆசை வந்தால் மட்டும் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எஞ்சின் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. 'திறந்த மூலம்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கான ஸ்னெஸ்9எக்ஸ் எஞ்சினின் நிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் அதன் லைசென்ஸ் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமையாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்கிறது. கட்டண டிவி பதிப்பு நேராக அதில் விழுகிறது. விளம்பரத்தில் வரும் காசும் வணிகம் இல்லை என்று வாதாட நான் முன்வர மாட்டேன். ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸ் வேறு வகை: காசு வாங்கலாம், ஆனால் செயலியைப் பெறுகிறவருக்கு முழு மூலநிரலையும் அதே லைசென்ஸில் தர வேண்டும். இந்த இரண்டு வகையையும் ஒரே செயலியாகக் கட்டினால் முட்டிக்கொள்ளும். 'வணிகம் கூடாது' போன்ற கூடுதல் நிபந்தனையை ஜிபிஎல் ஏற்காது. கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ போன்ற, எம்பிஎல் என்ற இன்னொரு திறந்த மூல லைசென்ஸில் உள்ள எஞ்சின் எளிது: அவர்களுடைய கோப்புகளில் செய்த மாற்றங்களைத் தந்தால் போதும், மற்றது உங்களுடையது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் கடையில் பழைய கன்சோல் எமுலேட்டர்களுக்குக் கதவைத் திறந்ததும் ஐஜிபிஏ என்ற செயலி வந்தது. வேறொருவரின் எமுலேட்டரை எடுத்து விளம்பரம் சேர்த்தது என்று புகார் எழ, சில நாட்களிலேயே நீக்கினார்கள். நின்டெண்டோ அங்கே வரவே இல்லை.

அப்புறம் உங்கள் சர்வர். பயனர் தன் கேமை ஏற்றினாலும் நகல் உட்காருவது உங்கள் வட்டில். கேம் கோப்புகளை விநியோகித்த லவ்ரோம்ஸ் தளத்தாருக்கு எதிராக 2018-இல் வந்த தீர்ப்பு 1.2 கோடி டாலருக்கு மேல். நீங்கள் அவர்களைப் போலப் பகிரவில்லை, சரி; ஆனால் அதை நிரூபிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். சர்வரே வேண்டாமே. டிவி திரையில் ஒரு க்யூஆர் கோடு காட்டுங்கள். மொபைல் அதை ஸ்கேன் செய்ததும், ஒரே வைஃபைக்குள் கோப்பு நேராக டிவிக்குப் போகட்டும். சர்வர் வாடகையும் மிச்சம்.

ஐகானில் கன்சோல் படம், பெயரில் கம்பெனிப் பெயர், கேம் அட்டைப் படங்கள், 'கேம் தேடு' என்று ரோம் (கேம் கோப்பு) தளத்துக்குப் போகும் பட்டன் எதுவும் இருக்கக் கூடாது. எந்த கன்சோலின் கேம்கள் ஓடும் என்று விவரத்தில் எழுத்தில் சொல்லலாம்.

பயாஸை நீக்கும்போது ஒன்று கவனியுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது அப்படியே கிடக்கும். நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியம் பொதுவில் இருந்தால் யாரும் எடுக்கலாம். அதைத் தனிப்பட்டதாக மாற்றிவிட்டு, பொதுவுக்குப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பழைய வரலாற்றை மட்டும் அழிக்காதீர்கள்: எந்த வரியை எப்போது நீங்களே எழுதினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் உள்ள சாட்சி அதுதான்.