விரிசல் விட்ட ஹெடர்: அடுத்தது 304-ஆ, 321-ஆ?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2006 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், 2.5 லிட்டர் டர்போ. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி, பனிக்காலத்திலும் இதுதான். ஆன்லைனில் மலிவாக வாங்கிய சம நீள ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) 14 மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. அடுத்து 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா, 321 ரகம்தான் வாங்க வேண்டுமா?

பதில்: பழைய ஹெடரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றி வெளிச்சத்தில் வைத்து, விரிசல் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பதைப் பாதி அதுவே சொல்லிவிடும்.

வெல்டிங்கை ஒட்டி, ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாகவே விரிசல் ஓடுகிறதா? அப்படியானால் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டின் உள்பக்கம் கருகிய சர்க்கரைப் பாகு போலப் பொருக்குப் பொருக்காக இருந்தால், வெல்டிங் செய்தவர் குழாய்க்குள் ஆர்கன் வாயு விடாமல் வேலையை முடித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த இடம் பலவீனம் மட்டுமல்ல, பொருக்கு உதிர்ந்தால் நேராக டர்போவின் விசிறிக்குள்தான் போகும். இப்படிச் செய்த ஹெடர் 321-ஆக இருந்தாலும் உடையத்தான் செய்யும்.

விரிசல் ஃபிளாஞ்ச் (குழாயை போல்ட் போட்டு இறுக்கும் தட்டை முனை) ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் மாட்டிய விதத்தில் கோளாறு. ஸ்டெயின்லெஸ் சூட்டில் நிறையவே நீளும். அரை மீட்டர் 304 குழாயை மைனஸ் 20-இலிருந்து 700 டிகிரிக்குச் சூடாக்கினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நீளும். உங்கள் எஞ்சினில் இடப்பக்க சிலிண்டர்களின் புகை அடிவழியாக வலப்பக்கம் வந்து, அங்கிருந்து அப்-பைப் வழியே மேலே டர்போவுக்கு ஏறுகிறது. இவ்வளவு நீளக் குழாய் இரண்டு முனையிலும் இறுக்கப்பட்டு, நீளுவதற்கு இடமில்லாமல் இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் விட்டுத்தான் கொடுக்கும். அதனால்தான் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக, நீண்டு சுருங்கும் பகுதி) உள்ள அப்-பைப்பையே நான் விரும்புவேன். ஆனால் பெல்லோஸின் உள்ளே லைனர், அதாவது உள்ளுறை, இருக்க வேண்டும், வெறும் மடிப்பு மட்டும் இருந்தால் அது சீக்கிரம் போய்விடும்.

சரி, உலோகம். 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சுமார் 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அதிலுள்ள கார்பன், துருவைத் தடுக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெல்டை ஒட்டிய இடம் துருவுக்கும் விரிசலுக்கும் இடம்கொடுப்பது அப்படித்தான். 321-இல் சேர்க்கும் டைட்டானியம் அந்தக் கார்பனைத் தன்னிடம் கட்டிப்போட்டுவிடும். பந்தயத் தடத்தில் மணிக்கணக்கில் மிதிப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு, ஒழுங்காக ஆர்கன் விட்டு வெல்ட் செய்த 304 போதும் என்பதே என் கருத்து. மிச்சமாகும் பணத்தைக் குழாய்ச் சுவரின் கனத்தில் போடுங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள், 2 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஃபிளாஞ்ச் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும், மெல்லியது சூட்டில் வளைந்து கசியும். கையில் ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். 304 என்று விற்றது நேர்க்குழாயில் பலமாக ஒட்டினால் அது 304 இல்லை.

உங்கள் ஊரில் கூடுதலாக ஒரு எதிரி, சாலையில் கொட்டும் உப்பு. இந்த எஞ்சினில் ஹெடர் அடியில் கிடப்பதால் உப்புச் சகதி முழுவதும் அதன்மேல்தான். தயவுசெய்து வெப்பத் துணி சுற்றாதீர்கள். துணி உப்புத்தண்ணீரை உறிஞ்சி வைத்து உலோகத்தை அரிக்கும், விரிசலையும் மறைத்துவிடும். செராமிக் பூச்சோ தகடு மறைப்போ எவ்வளவோ மேல்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, அப்-பைப்பும் டர்போவும் தானாக உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். நெம்பித்தான் உட்கார வைக்க முடிகிறது என்றால் அந்த ஹெடர் பொருந்தவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெம்பி மாட்டியது முதல் நாளிலேயே பாதி உடைந்த மாதிரிதான். எஞ்சின் அசையும்போது கிராஸ்மெம்பரில் (எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்) இடிக்காதபடி ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கேஸ்கெட் புதிதாக, பல அடுக்கு ஸ்டீலில் இருக்கட்டும். சில முறை சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

உங்கள் மாடலில் ஆக்சிஜன் சென்சார் ஹெடரிலேயே இருக்கிறது, வாங்குவதில் அதற்கான திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வேறு வடிவ ஹெடர் மாட்டினால் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும் விதம் மாறலாம், எஞ்சின் கணினியைச் சரிசெய்யும் டியூனரிடம் காட்டாமல் முழுசாக மிதிக்காதீர்கள். சம நீள ஹெடரில் சுபாருவின் அந்தக் குடகுட சத்தம் போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். 1, 3 சிலிண்டர்கள் ஒரு பக்கமும் 2, 4 மறுபக்கமும் இருக்க, 1-3-2-4 என்று வெடிப்பு நடக்கிறது. குழாய் நீளம் சமமில்லாதபோதுதான் அந்தத் தாளம் கேட்கும். அது வேண்டும் என்றால், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய கம்பெனி ஹெடரே உங்களுக்குப் போதும்.

புதியது வரும்வரை விரிசலோடு ஓட்ட வேண்டாம். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கண்ணாடியை ஏற்றி, ஹீட்டர் போட்டுப் போகிற பருவத்தில் அது உள்ளே வந்தால் மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.