அக்டோபரில் யாரும் வராத கிளப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னுக்குக் குடிவந்து சில வருடங்களாகின்றன. நான் கிரிக்கெட்டோடு நின்றுகொண்டேன். பையன்தான் பள்ளிக்கூடச் சகவாசத்தில் ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்துப் பைத்தியமாகிவிட்டான். அவனுடைய சிநேகிதன் வீட்டில் எல்லோரும் நார்த் மெல்பர்ன் ரசிகர்கள், அதனால் இவனும் நார்த். ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் அக்டோபர் மாதம் வந்தாலே எங்கள் வீட்டில் துக்கம்தான். "எல்லாரும் ஜீலாங் போறாங்க, பிரிஸ்பேன் போறாங்க. நம்மகிட்ட மட்டும் ஏன்ப்பா யாரும் வரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்கிறான்.

ஐ.பி.எல். என்றால் எனக்குப் பதில் தெரியும். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆள். இங்கே எல்லா கிளப்புக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு என்கிறார்கள். பணம் சமம் என்றால் ஆட்டக்காரர்களும் சமமாகப் பரவியிருக்க வேண்டாமா? ஊர் காரணமா, அல்லது உள்ளே ஏதாவது தில்லுமுல்லா? இவன் வேறு, கிளப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். நீங்கள் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் என்பதால் எழுதுகிறேன்.

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

பணம் சமமாக இருப்பதால்தான் ஆட்டக்காரர்கள் சமமாகப் பரவுவதில்லை. இது வார்த்தை ஜாலம் இல்லை, கணக்கு. அதற்கு முன்னால் இந்த லீக்கின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஐ.பி.எல். ஏலத்தில் ஆட்டக்காரருக்கு வாய் கிடையாது. பலகையைத் தூக்கியவர் ஊருக்குப் போக வேண்டும். ஃபூட்டியின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில் ஒரே ஒரு முறைதான் அப்படி நடக்கும்: பதினெட்டு வயதில், டிராஃப்ட் வழியாக உள்ளே வரும்போது. பட்டியலில் கடைசி இடம் பிடித்த கிளப்புக்கு முதல் தெரிவு என்ற வரிசையில் யார் கூப்பிட்டாலும் பையன் போய்த்தான் ஆக வேண்டும். டிராஃப்ட் 1986இல் வந்தது, சம்பள உச்சவரம்பு அடுத்த வருடம். அதன்பிறகு அதிகாரம் மெல்ல ஆட்டக்காரர் கைக்கு வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் இருப்பவரைக்கூட அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொரு கிளப்புக்கு மாற்ற முடியாது. 2012 முடிவிலிருந்து ஃப்ரீ ஏஜென்சியும் சேர்ந்துகொண்டது. ஒரே கிளப்பில் எட்டு வருடம் இருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் தனக்குப் பிடித்த இடத்தோடு பேசிக்கொள்ளலாம். அவர் கிளப்பின் பெரிய சம்பளக்காரர்களில் ஒருவர் என்றால், பழைய கிளப் அதே தொகையைத் தர முன்வந்து வழிமறிக்கலாம். மற்றபடி வாசல் திறந்துதான் இருக்கிறது.

இப்போது கணக்கு. எல்லா கிளப்பும் ஏறக்குறைய ஒரே பணப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கின்றன. மேலே வரம்பு இருப்பது போலக் கீழேயும் ஒன்று உண்டு. வரம்புத் தொகையில் 95 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். ஆக, தோற்கும் கிளப்பும் அந்தப் பணத்தை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும். சாதாரண ஆட்டக்காரருக்கு நல்ல ஆட்டக்காரரின் சம்பளம் போகிறது. ஜெயிக்கும் கிளப்பில் நேர்மாறாக நடக்கும். "இங்கே இருந்தால் கோப்பை ஆடலாம்" என்று நினைக்கிற பத்துப் பேர், வெளியே கிடைக்கக்கூடியதைவிடத் தலைக்கு ஒரு லட்சம் டாலர் குறைத்துக்கொண்டால் பத்து லட்சம் மிச்சம். ஒரு நட்சத்திரத்தின் ஒரு வருடச் சம்பளம் அது. அவரும் வந்துவிட்டால் பதினோராவது ஆள் குறைத்துக்கொள்ள இன்னொரு காரணம் கிடைத்துவிடும். எல்லோரையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த வரம்பு, நன்றாக நடத்தப்படும் கிளப்புக்குத் தள்ளுபடி விலையில் ஆள் கொடுக்கிறது. உங்கள் பையன் கேட்பதற்கு இதற்குமேல் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

தில்லுமுல்லு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இல்லாமலா? கார்ல்டன் கிளப் வரம்பை மறைமுகமாக மீறியதற்காக 2002இல் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியது, டிராஃப்ட் உரிமைகளையும் இழந்தது. அதே கார்ல்டனுக்கு 2007 முடிவில் கிறிஸ் ஜட் வந்தபோது, கிளப்பின் புரவலர் நிறுவனத்தில் அவருக்குத் தனியாக ஒரு தூதர் வேலையும் சேர்ந்து கிடைத்தது. அப்போது அது விதிக்குள் இருந்தது, பிறகு லீக் விதியை இறுக்கியது. சிட்னியில் வீட்டு வாடகை அதிகம் என்று அந்த ஊர் கிளப்புக்கு நெடுநாள் கூடுதல் படி கொடுத்துவந்தார்கள். 2013 முடிவில் லான்ஸ் ஃப்ராங்க்ளின் ஒன்பது வருடத்துக்கு ஒரு கோடி டாலர் என்று சிட்னி ஸ்வான்ஸுக்குப் போனதும் மற்ற கிளப்புகள் போட்ட கூச்சலில் அந்தப் படியும் படிப்படியாகப் போயிற்று. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை வைத்து ஜீலாங்கையோ பிரிஸ்பேனையோ விளக்கிவிட முடியாது.

ஊர் காரணமா என்றால், ஓரளவுக்குக் காரணம்தான். டிராஃப்டில் வரும் பையன்களில் பெரும்பகுதி விக்டோரியாக்காரர்கள். பதினெட்டு வயதில் பெர்த்துக்கோ பிரிஸ்பேனுக்கோ அனுப்பினால் முதல் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஜீலாங்குக்கு இதில் கொள்ளை லாபம். மெல்பர்னிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், பக்கத்திலேயே அலைச்சறுக்குக் கடற்கரைகள், கொஞ்சம் தள்ளினால் பண்ணை நிலம். கிராமத்திலிருந்து வந்தவனுக்கு நகரமும் வேண்டாம், நகரத்தை விட்டு வெகுதூரமும் வேண்டாம் என்றால் ஜீலாங்தான். பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் 2015 முடிவில் அடிலெய்டை விட்டு அங்கே வந்தார். அவர் வளர்ந்த மாக்ஸ் கிரீக் அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. மறுவருடமே, லீக்கில் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பிரவுன்லோ பதக்கம். 2020 முடிவில் ஜெரமி கேமரன், சிட்னியின் மேற்கிலுள்ள ஜி.டபிள்யூ.எஸ். கிளப்பிலிருந்து வந்தார். விக்டோரியாவின் மேற்குக் கோடியில் டார்ட்மூர் என்ற சிற்றூர் அவருக்குச் சொந்த ஊர். பழைய கிளப் வழிமறித்ததால் டிராஃப்டின் மூன்று முதல் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்துத்தான் ஜீலாங் அவரை வாங்கியது. 2022இல் இருவரும் கோப்பை வென்றார்கள்.

ஆனால் கடற்கரையும் பண்ணையும் மட்டும் போதுமென்றால் கோல்ட் கோஸ்ட்டில் கூட்டம் நெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விடுமுறைத் தலைநகரமே அதுதான். அந்த கிளப் 2011இல் ஆட ஆரம்பித்தது. 2018 முடிவில் அதன் இரண்டு இணை கேப்டன்களும் ஒரே மாதத்தில் வெளியேறினார்கள். டாம் லின்ச் ரிச்மண்டுக்குப் போய் 2019, 2020 இரண்டிலும் கோப்பை வென்றார். ஸ்டீவன் மே மெல்பர்ன் கிளப்புக்குப் (நார்த் இல்லை, இது வேறு) போய் 2021இல் வென்றார். கடற்கரை அப்போதும் அங்கேயேதான் இருந்தது.

பிரிஸ்பேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊர் மாறாமலே ஒரு கிளப்பின் தலையெழுத்து மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற கிளப் அது. பத்து வருடம் கழித்து, 2013 முடிவில், டிராஃப்டில் எடுத்து வளர்த்த ஐந்து இளைஞர்கள் ஒரே சமயத்தில் "ஊருக்குப் போகிறோம்" என்று கிளம்பினார்கள். எலியட் யோ பெர்த்திலுள்ள வெஸ்ட் கோஸ்ட்டுக்கு, ஜாரட் போலெக் போர்ட் அடிலெய்டுக்கு, மற்ற மூவர் மெல்பர்ன் நகரத்து கிளப்புகளுக்கு. ரக்பி ஊரில் ஃபூட்டி நிலைக்காது, பையன்கள் தங்கமாட்டார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். 2017இல் கிளப் கடைசி இடம்.

அந்த 2017 முடிவில்தான் சார்லி கேமரன் வந்தார். அடிலெய்டு அணியோடு அப்போதுதான் கிராண்ட் ஃபைனல் ஆடி முடித்திருந்தவர், கடைசி இடத்து கிளப்புக்கு வருகிறார். குயின்ஸ்லாந்தில் இருந்த குடும்பம் ஒரு காரணம். அதே சமயத்தில் ஹாதார்னில் நான்கு கோப்பை வென்று ஓய்வை அறிவித்திருந்த லூக் ஹாட்ஜை, இன்னும் இரண்டு வருடம் வந்து ஆடச் சொல்லி அழைத்துவந்தார்கள். அவருடைய வேலை ஆட்டத்தில் பாதி, பையன்களை வளர்ப்பதில் பாதி. 2018இல் அணி ஐந்தே ஆட்டம்தான் வென்றது. அந்த வருட முடிவில், ஃப்ரீமேன்டிலின் அவ்வருடச் சிறந்த ஆட்டக்காரர் லாக்கி நீல், பெர்த்தை விட்டு இங்கே வந்தார். அவர் தென் ஆஸ்திரேலியாக்காரர், ஊர் ஞாபகத்தில் வந்தவர் இல்லை. மறுவருடம் அணி பட்டியலில் இரண்டாமிடம். 2020இலும் 2023இலும் நீலுக்கு பிரவுன்லோ. 2020 முடிவில் ஜோ டானிஹர், தன் அப்பாவும் அவருடைய சகோதரர்களும் ஆடிய எசண்டனை விட்டே வந்தார்.

இந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் பிரிஸ்பேன் கட்டிய புதிய பயிற்சி மையத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது 2022இல்தான் திறந்தது. நீல் வந்து நான்கு வருடம் கழித்து. கோப்பையும் காரணமில்லை. அது 2024இல்தான் வந்தது, 2025இல் மறுபடியும். கட்டடத்துக்கும் கோப்பைக்கும் முன்னாலேயே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அவர்கள் எதைப் பார்த்து வந்தார்கள்?

பெண் கொடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அந்த விசாரணைதான் இங்கேயும். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சிறுவயதில் ஒன்றாக ஆடியவர்கள், ஒரே ஏஜென்ட்டிடம் இருப்பவர்கள். பயிற்சியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா, அடிபட்டால் மருத்துவர்கள் அவசரப்படுத்துவார்களா, கூட வரும் மனைவிக்கு வேலை தேட யாராவது உதவுவார்களா, முக்கியமாக அங்கே இருக்கும் இளைஞர்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்கிறார்களா. 2016 முடிவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் கிறிஸ் ஃபேகன் இந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், ஐம்பது வயதைத் தாண்டி இதில் முதல்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். அணி தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் கிளப் அவரை மாற்றவில்லை. 2016 டிராஃப்டில் பாலரட் பக்கத்து ஒரே இளைஞர் அணியிலிருந்து ஹியூ மெக்லகேஜையும் ஜாரட் பெர்ரியையும் சேர்த்தே எடுத்தார்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பையன் தங்குவான். இருவரும் தங்கினார்கள், இருவரும் கோப்பை வென்றார்கள். தங்குகிறவர்களைப் பார்த்துத்தான் வெளியே இருப்பவர்கள் வருகிறார்கள்.

2025 முடிவில் நடந்ததைப் பாருங்கள். வெஸ்ட் கோஸ்ட்டின் இணை கேப்டன் ஆஸ்கர் ஆலன், பெர்த்திலேயே வளர்ந்தவர், ஃப்ரீ ஏஜென்ட்டாக பிரிஸ்பேனுக்கு வந்துவிட்டார். வெஸ்ட் கோஸ்ட் ஏழை கிளப் இல்லை, லீக்கின் பணக்கார கிளப்புகளில் ஒன்று. 2013இல் யோ எந்தப் பாதையில் ஊர் திரும்பினாரோ, அதே பாதையில் எதிர்த்திசைப் பயணம்.

இனி உங்கள் நார்த். பையனுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். 1972இல் நார்த் மெல்பர்ன் ஒரே ஒரு ஆட்டம் வென்று கடைசியில் நின்றது. அந்தச் சமயத்தில் லீக், பத்து வருடம் ஒரே கிளப்பில் ஆடியவர் விருப்பப்படி மாறலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தது. மற்ற கிளப்புகள் யோசித்துக்கொண்டிருக்க நார்த் பாய்ந்தது. ஜீலாங்கிலிருந்து டக் வேட், எசண்டனிலிருந்து பாரி டேவிஸ், சவுத் மெல்பர்னிலிருந்து ஜான் ரான்டல். பயிற்சியாளராக ரான் பராஸி. பதறிப்போன லீக் 1973இலேயே அந்த விதியை எடுத்துவிட்டது. 1975இல் நார்த் தன் முதல் கோப்பையை வென்றது. ஆக, ஆட்டக்காரர்களை ஈர்ப்பது எப்படி என்று இந்த லீக்குக்கே முதலில் காட்டிய கிளப் உங்கள் பையனுடையது.

பிறகு சறுக்கியது எங்கே? என் கணிப்பில் 2016. 432 ஆட்டம் ஆடிச் சாதனை படைத்த பிரென்ட் ஹார்வி உட்பட நான்கு மூத்தவர்களை ஒரே நாளில் வேண்டாம் என்றார்கள். இளைஞர்களுக்கு இடம் விடுகிறோம் என்றார்கள். சரி, அந்த இளைஞர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? பிரிஸ்பேன் ஒரு ஹாட்ஜைத் தேடிக் கொண்டுவந்த காலத்தில் நார்த் தன்னிடம் இருந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. மறுவருடம் பணப்பெட்டியைத் திறந்துகொண்டு டஸ்டின் மார்ட்டினிடம் போனார்கள். அப்போது வந்த செய்திகளின்படி ரிச்மண்ட் கொடுப்பதைவிட நார்த் காட்டிய தொகை பெரியது. அவர் ரிச்மண்டிலேயே தங்கி, அந்த ஒரே வருடத்தில் பிரவுன்லோ, கோப்பை, இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் மூன்றையும் எடுத்தார். நார்த் கேட்ட ஜோஷ் கெல்லியும் ஜி.டபிள்யூ.எஸ்.ஸிலேயே இருந்துவிட்டார். 2018இல் ஆண்ட்ரூ காஃப் வெஸ்ட் கோஸ்ட்டை விட்டு வரவில்லை. வந்தவர் ஜாரட் போலெக், ஆம், பிரிஸ்பேனை விட்டுப் போன அதே போலெக். அதுவும் பலிக்கவில்லை.

2019 தொடக்கத்துக்கும் 2023 தொடக்கத்துக்கும் நடுவில் நார்த் கண்ட பயிற்சியாளர்கள் நான்கு பேர், இடைக்காலத்துக்கு நின்றவரை விட்டுவிட்டு. அதில் ஒருவர் டேவிட் நோபிள். பிரிஸ்பேன் எழுந்த காலத்தில் அங்கே ஃபூட்டி பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். நார்த் அவரைக் கொண்டுவந்தது, இரண்டாம் சீசன் முடியும் முன்பே அவர் போய்விட்டார். வேலை தெரிந்த ஆளைப் பிடித்தார்கள், அவருக்கு பிரிஸ்பேன் கொடுத்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. அதே 2022இல், முந்தைய டிராஃப்டின் முதல் தெரிவான ஜேசன் ஹார்ன்-ஃப்ரான்ஸிஸ் ஒரே சீசனில் போர்ட் அடிலெய்டுக்குக் கிளம்பிவிட்டார். முதல் தெரிவே ஒரு வருடத்தில் போகிற வீட்டுக்கு வெளியாள் எப்படி வருவான்?

இப்போது பயிற்சியாளராக ஆலஸ்டர் கிளார்க்ஸன் இருக்கிறார், ஹாதார்னுக்கு நான்கு கோப்பை வாங்கித் தந்தவர். லூக் பார்க்கர் போன்ற மூத்தவர்களும் வந்திருக்கிறார்கள். இது போதுமா என்று அக்டோபரில் பார்க்காதீர்கள். சீசன் நடுவில், ஜூன் ஜூலையில், செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் துணுக்குகளைப் பையனோடு சேர்ந்து பாருங்கள்: இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது நார்த் பையன்களில் யார் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டார், எத்தனை வருடத்துக்கு. அது கூடிக்கொண்டே போனால் மூன்று நான்கு வருடத்தில் பெரிய பெயர்கள் தாமாகப் பேச வருவார்கள், நீங்கள் பெரிய தொகை காட்டத் தேவையும் இருக்காது. கோல்ட் கோஸ்ட்டிலேயே இது நடந்துவிட்டது. டேமியன் ஹார்ட்விக் பயிற்சியாளராக வந்து, 2025இல் முதல்முறையாக, சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் ஃபைனல்ஸ் சுற்றில் ஆடி, அதே அக்டோபரில் மெல்பர்ன் கிளப்பின் கிறிஸ்டியன் பெட்ராக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பையன் கிளப் மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆட்டக்காரருக்கு உள்ள உரிமை ரசிகனுக்கும் உண்டுதான். ஆனால் மெல்பர்னில் அப்படி மாறினால் அந்த சிநேகிதன் வீட்டில் அடுத்த முறை சாப்பாடு கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்